சத்து மாத்திரை யாருக்கு?

சித்தியின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்துபோன பிறகு வீட்டில் கடைசியாக மிஞ்சுவது சத்து மாத்திரை பாட்டில்தான். சாக்லேட் ஒரு வாரத்தில் காலியாகிவிடும். வலிக்குத் தடவும் களிம்பு பக்கத்து வீடுகளுக்குப் பங்கு போய்விடும். முந்நூறு மாத்திரை அடைத்த அந்தப் பாட்டிலை மட்டும் திறக்கவும் மனமில்லாமல், தூக்கிப் போடவும் மனமில்லாமல் ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருப்பார்கள். போன மாதம் தென்காசிக்குப் போயிருந்தபோது சித்தி அதைக் கொண்டுவந்து டீ டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“தினம் ஒண்ணு போட்டுக்கச் சொல்லிட்டுப் போயிருக்கான். போடலாமா, வேண்டாமா? சுத்தி வளைக்காமச் சொல்லு.”

எனக்கும் சுற்றி வளைக்காமல் சொல்லத்தான் ஆசை. ஆனால் சத்து மாத்திரை நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. யாருக்கு, என்ன குறைக்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் பல சமயம் தெளிவான பதிலே உண்டு. சித்திக்கு வயது அறுபத்திரண்டு. பத்து வருடமாகச் சர்க்கரை, அதற்கு மெட்ஃபார்மின். காலையில் எழுந்ததும் தைராய்டு மாத்திரை. முட்டைகூடத் தொடாத சைவம். சித்தப்பா வெளியில் மீனும் கறியும் சாப்பிடுவார். முப்பது வருடச் சிகரெட், இப்போது “ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு”. மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதமான பதில்.

முதலில் பாட்டிலின் முதுகைப் படித்தோம். சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். பொடி எழுத்தில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் அளவு, அதற்கும் நேராக ஒரு சதவீதம். பி12-க்கு நேராக 25 மைக்ரோகிராம், 1,042 சதவீதம் என்று இருந்தது.

“ஆயிரமா! அப்ப பத்து மடங்கு தெம்பு வருமா?”

வராது. ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு 2.4 மைக்ரோகிராம் பி12 போதும் என்று அமெரிக்காவில் வகுத்திருக்கிறார்கள். அதை நூறு என்று வைத்துப் போட்ட கணக்குதான் அந்த ஆயிரம். நம் ஊர் ஐசிஎம்ஆர் சொல்லும் அளவும் அதற்குப் பக்கத்தில்தான் வரும். பி12-ஐ உடம்புக்குள் கொண்டு சேர்க்க வயிற்றில் ஒரு புரதம் சுரக்கிறது. ஒரு வேளைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராமுக்கு மேல் அதனால் சுமக்க முடியாது. மீதியில் நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போகும், அவ்வளவுதான். பி வகைகளும் சி-யும் தண்ணீரில் கரைகிறவை என்பதால் தேவைக்கு மேல் ரத்தத்தில் சேர்ந்ததைச் சிறுநீரகம் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். பி-காம்ப்ளெக்ஸ் போட்ட அன்று சிறுநீர் பளீரென்று மஞ்சளாகப் போவது பி2-வின் நிறம். மெடிக்கலில் கொடுத்த காசில் ஒரு பகுதி அந்த வழியாகத்தான் போகிறது. கொழுப்பில் கரைகிற ஏ, டி இரண்டும் வேறு ஜாதி. அவை உடம்பில் தங்கிச் சேரும். அளவு மீறினால் தொல்லை கொடுக்கும்.

வைட்டமின் என்ற சங்கதியே வியாதியைத் துரத்திப் போனவர்கள் கையில் அகப்பட்டதுதான். 1890-களில் ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர், ஆஸ்பத்திரிச் சமையலறையின் பாலிஷ் அரிசிச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் இழுத்துக்கொண்டு விழுவதையும், தவிட்டோடு அரிசி போட்டால் எழுந்து நடப்பதையும் பார்த்தார். பெரிபெரி என்ற வியாதிக்கும் அரிசி தீட்டுவதற்கும் சம்பந்தம் உண்டு என்பது அங்கேதான் பிடிபட்டது. பிற்பாடு 1929-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தக் கதையில் நம் குன்னூருக்கும் பங்கு உண்டு. 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார மருத்துவர் அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில் ஒரு சின்ன இடத்தில் பெரிபெரி ஆராய்ச்சியைத் தொடங்கினார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதிச் சாப்பாட்டையும் எலிகளுக்குப் போட்டு வளர்த்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலி கொழுகொழுவென்று வளர்ந்தது. சென்னை மாகாணத்து அரிசிச் சாப்பாட்டு எலி கடைசியில் நின்றது. அந்தச் சின்ன ஆய்வகம் வளர்ந்து 1958-ல் ஐதராபாத்துக்குக் குடிபெயர்ந்தது. இன்று நம் சாப்பாட்டுக்கு அளவு வகுக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அந்தக் காலத்திலேயே இன்னொன்றும் தெரிந்துவிட்டது. தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட ஆந்திரக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிட்ட தமிழ் மாவட்டங்கள் பெருமளவு தப்பின. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலிருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் கொஞ்சம் உள்ளேயே நிற்கும். நெல் அவித்த நம் பாட்டிமார்கள் மாத்திரை எதுவும் இல்லாமலே ஒரு வியாதியைத் தள்ளி வைத்திருந்தார்கள். சத்து மாத்திரை விளம்பரம் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.

அடுத்து லூசி வில்ஸ் என்ற பெண் மருத்துவர். 1928-ல் பம்பாய்க்கு வந்தார். அங்கே பஞ்சாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் ஒரு வகை ரத்தசோகையால் செத்துக்கொண்டிருந்தார்கள். கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. அவர்கள் சாப்பாட்டைப் பார்த்தார். பாலிஷ் அரிசி, வெள்ளை பிரட், காய்கறி மிகக் குறைவு. குன்னூருக்கு வந்து எலிகளுக்கும், பிறகு குரங்குகளுக்கும் அதே சாப்பாட்டைப் போட்டார். ரத்தம் வற்றிப்போன குரங்குக்கு என்னென்னவோ கொடுத்தும் தேறவில்லை. கடைசியில் மார்மைட் கொடுத்தார். பிரட்டில் தடவித் தின்கிற மலிவான ஈஸ்ட் சாறு. குரங்கு தேறியது. அதையே கர்ப்பிணிகளுக்குக் கொடுத்தார். சில நாட்களில் புது ரத்தம் ஊற ஆரம்பித்தது. 1931-ல் இதை எழுதி வெளியிட்டார். சென்னைத் திருவல்லிக்கேணியில் கோஷா ஆஸ்பத்திரி என்று நம் பாட்டிகள் சொன்ன மருத்துவமனையிலும் அவர் வேலை பார்த்திருக்கிறார். மார்மைட்டில் இருந்த அந்தச் சரக்கு என்னவென்று பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதுதான் ஃபோலிக் அமிலம்.

செத்துக்கொண்டிருந்தவர்கள் கைப்பிடிச் சத்தில் எழுந்து உட்கார்ந்தால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? இல்லாதவனுக்கே இவ்வளவு செய்கிறதே, இருக்கிறவனுக்கு இன்னும் எவ்வளவு செய்யும் என்றுதான். வியாபாரம் முழுக்க அந்த நினைப்பின் மேல்தான் நடக்கிறது. ரோட்டில் பள்ளம் இருக்கிற இடத்தில் மண்ணைக் கொட்டினால் வண்டி சுகமாகப் போகும். சமமான ரோட்டில் கொட்டினால் வேகத்தடைதான் மிஞ்சும்.

“இவர் போடுற மாத்திரைய சொல்லு” என்று சித்தி சித்தப்பாவின் அலமாரியிலிருந்து இன்னோர் அட்டையை எடுத்துவந்தார். ஆன்ட்டி-ஆக்ஸிடன்ட் கேப்சூல். பீட்டா கரோட்டின் 10 மில்லிகிராம், கூடவே செலினியம், துத்தநாகம். சிகரெட் பிடித்த நுரையீரலுக்கு நல்லது என்று யாரோ சொல்லி இரண்டு வருடமாக வாங்குகிறார்.

இங்கேதான் நான் டம்ளரைக் கீழே வைத்தேன். கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் பீட்டா கரோட்டின் புற்றுநோயைத் தடுக்கும் என்று 1980-களில் எல்லோரும் நம்பினார்கள். கேரட், கீரை அதிகம் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வந்ததால், நம்பியதில் நியாயமும் இருந்தது. பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,000 பேருக்குச் சில வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், மற்றவர்களுக்கு அது இல்லாத மாத்திரை. 1994-ல் முடிவு வந்தபோது, பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்திருந்தது. ஏதோ தற்செயல் என்று சொன்னவர்கள் உண்டு. அமெரிக்காவில் புகைபிடிப்பவர்கள், விட்டவர்கள், கல்நார் தொழிலாளர்கள் என்று 18,000 பேரை வைத்து நடந்துகொண்டிருந்த இன்னோர் ஆய்விலும் அதே கதைதான். புற்றுநோய் 28 சதவீதம் கூடுதல். 1996-ல் அதைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கேரட்டாகச் சாப்பிட்டால் கெடுதல் இல்லை. தனியாகப் பிரித்து மாத்திரையாகப் புகைபிடிப்பவர் வாயில் போட்டால் கெடுதல். வைட்டமின் ஈ-யும் நல்ல பிள்ளை இல்லை. 35,000 ஆண்களிடம் நடந்த ஆய்வில், அதைத் தினம் 400 யூனிட் சாப்பிட்டவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியதாக 2011-ல் சொன்னார்கள்.

சித்தப்பாவுக்கு இதில் தயக்கமில்லாத பதில்: அந்தக் கேப்சூலை நிறுத்திவிடலாம். மாத்திரையை நிறுத்தச் சொன்னதில் அவருக்குச் சந்தோஷம்தான். சிகரெட்டைப் பற்றி நான் வாய் திறப்பதற்குள் தினத்தந்தியை விரித்துவிட்டார்.

அமெரிக்கப் பாட்டில் போன்ற மல்ட்டி-வைட்டமினுக்கு இவ்வளவு கடுமையான தீர்ப்பு கிடையாது. ஐம்பது வயதைத் தாண்டிய ஆண் மருத்துவர்கள் 14,000-க்கும் மேற்பட்டவர்களுக்குப் பத்து வருடத்துக்கும் மேலாகக் கொடுத்துப் பார்த்ததில், மாரடைப்பில் வித்தியாசம் இல்லை. புற்றுநோய் மொத்தத்தில் 8 சதவீதம் குறைவு. அண்மையில் வயதானவர்களிடம் செய்த ஆய்வில் ஞாபகசக்திக்குச் சிறு உதவி தெரிந்தது. ஆனால் 2024-ல் வெளிவந்த, கிட்டத்தட்ட நான்கு லட்சம் பேரை இருபது வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த கணக்கில், தினமும் மல்ட்டி-வைட்டமின் சாப்பிட்டவர்கள் கூடுதல் நாள் வாழவில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்த அமெரிக்க நிபுணர் குழு, பீட்டா கரோட்டினும் ஈ-யும் வேண்டாம் என்று 2022-ல் திட்டவட்டமாகச் சொன்னது. மல்ட்டி-வைட்டமின் பற்றி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறவருக்கு அதனால் பெரிய லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை என்பது என் அபிப்பிராயம். பல் போய், பசி போய், கஞ்சியும் பிஸ்கட்டுமாக நாளை ஓட்டுகிற பெரியவர்களுக்கு மட்டும் நானே வாங்கிக் கொடுப்பேன்.

“அப்ப நான் போட்டுக்கிட்டா தப்பில்ல?”

“தப்பில்ல சித்தி. ஆனா உங்களுக்கு வேண்டியது அதுல பத்தாது. கால் எப்படி இருக்கு?”

உள்ளங்காலில் ஒரு வருடமாக மதமதப்பு என்றார். செருப்பு நழுவினால்கூடத் தெரிவதில்லையாம். ராத்திரி எரிச்சல். சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அவரும் அப்படியே விட்டுவிட்டார்.

சர்க்கரையால் இருக்கலாம். பி12 குறைவாலும் அச்சு அசலாக இதே மதமதப்பு வரும். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். சித்திக்கு பி12 குறைய இரண்டு காரணம் தயாராக இருக்கிறது. ஒன்று, சைவம். செடி கொடி எதிலும் நம்பத்தக்க பி12 கிடையாது. பழைய சோற்றில் இருக்கிறது, சுருள்பாசி மாத்திரையில் இருக்கிறது என்று வாட்ஸப்பில் வருவதை நம்பிக் காலை வைக்க முடியாது. சைவக்காரர்களுக்குப் பாலும் தயிரும்தான் கதி. அதிலும் ஒரு நாள் தேவைக்கு அரை லிட்டர் பால் ஆகும். சித்தி குடிப்பது டீயில் விழும் பாலும், சோற்றில் பிசையும் ஒரு கரண்டி தயிரும். இரண்டாவது, மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு அது அருமையான மருந்து, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு பி12 உடம்பில் சேருவதைக் குறைத்துவிடும். பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-ல் மருத்துவர்களுக்கு இதை நினைவூட்டி, ஆபத்து உள்ளவர்களுக்கு பி12 பார்க்கச் சொன்னது. நெஞ்செரிச்சலுக்காகப் பான்டாப்ரசோல் வகை மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்குவதும் இதே வேலையைச் செய்யும்.

கல்லீரலில் சில வருடத்துக்கான பி12 சேமிப்பு இருப்பதால் குறைவு மெதுவாகத்தான் வெளியே தெரியும். நாக்கு வெந்தது போல் சிவக்கும், மறதி வரும், நடை தள்ளாடும். நரம்பு ரொம்ப நாள் கெட்டுப்போனால் பிறகு மருந்து கொடுத்தாலும் முழுசாகத் திரும்பாது. அதனால்தான் அவசரப்படுத்தினேன். பாட்டிலில் இருக்கும் 25 மைக்ரோகிராம் ஏற்கனவே விழுந்த பள்ளத்தை நிரப்பாது. கடைகளில் கிடைக்கும் 1,500 மைக்ரோகிராம் மாத்திரையில் நூற்றில் ஒரு பங்கு கசிந்தாலே 15 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். ஒரு நாள் தேவைக்கு மேலேயே. குறைவு கடுமையாக இருந்தால் மருத்துவர் ஊசியில் ஆரம்பிப்பார். ரத்தத்தைப் பார்த்துவிட்டு எது என்று முடிவு செய்யட்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நரம்புக்கு என்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பி12-ஓடு பி6-ம் சேர்ந்திருக்கும். பி6 குறைந்தாலும் நரம்பு கெடும். மாதக்கணக்கில் பெரிய அளவில் போனாலும் நரம்பு கெடும், அதே மதமதப்பு வரும். தண்ணீரில் கரைவதால் ஆபத்தே இல்லை என்ற சமாதானம் பி6-க்குப் பொருந்தாது. ஒரு வருடம் முன்னால் எழுதிக் கொடுத்த சீட்டை வைத்தே அட்டை அட்டையாக வாங்கிக்கொண்டிருப்பவர்கள் அட்டையின் பின்பக்கம் பைரிடாக்ஸின் என்ற பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, இன்னும் வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்பது நல்லது.

தைராய்டு மாத்திரை விஷயமும் உண்டு. கால்சியமோ இரும்போ கலந்த எதையும் தைராக்ஸினோடு சேர்த்துப் போட்டால் தைராக்ஸின் உடம்பில் சரியாகச் சேராது. நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும். காலையில் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். சித்திக்கும் அதே பழக்கம்தான். அமெரிக்கப் பாட்டிலைத் திறந்தால் அது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் என்று சொன்னேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள், வைட்டமின் கே கலந்த மாத்திரையை மருத்துவரிடம் சொல்லாமல் தொடவே கூடாது.

மகள் அடுக்களையிலிருந்து காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொன்னது சின்ன விஷயம், ஆனால் அன்றைய பேச்சில் இதைவிட உறுதியாக என்னால் எதையும் சொல்ல முடியாது. கருவில் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகும் குழாய் நான்கே வாரத்தில் மூடிவிடும். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று தாய் கவனிக்கும்போதே அந்த வேலை முடிந்துகொண்டிருக்கும். சரியாக மூடாவிட்டால் குழந்தை முதுகெலும்புக் குறையோடு பிறக்கும், சில சமயம் பிழைக்காது. லூசி வில்ஸ் கண்டுபிடித்த அதே ஃபோலிக் அமிலத்தை, முன்பு அப்படிக் குழந்தை பிறந்த தாய்மார்களுக்கு அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கொடுத்துப் பார்த்தார்கள். ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு. குறை திரும்ப வருவது 72 சதவீதம் குறைந்தது. இதற்கு மேல் கொடுக்காமலிருப்பது நியாயமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே முடித்து 1991-ல் வெளியிட்டார்கள். மற்றப் பெண்களுக்கு தினம் 400 மைக்ரோகிராம் போதும். கர்ப்பம் உறுதியான பிறகு ஓடிப்போய் வாங்குவதில் பாதிப் பலன் போய்விடுகிறது. குழந்தை வேண்டும் என்று நினைக்கிற மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். முன்பு குழந்தைக்கு அந்தக் குறை இருந்தவர்களுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் அளவு வேறு. மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

“வெயில் ஊர்ல இருந்துக்கிட்டு எல்லாருக்கும் டி குறைவுன்னு எழுதுறானே, அது நெசமா?” என்றார் சித்தப்பா, பேப்பருக்குப் பின்னாலிருந்து.

பாதி நிஜம். வெயில் ஊரில் இருக்கிறோமே தவிர வெயிலில் இல்லை. கண்ணாடி ஜன்னல் வழியாக விழும் வெயிலில் டி உண்டாகாது. கறுத்த தோலுக்கு வெயிலும் கூடுதலாக வேண்டும். மறுபாதி, லேப் போடும் கோடு. முழு உடல் பரிசோதனைச் சீட்டில் பல லேப்கள் 30-க்குக் கீழே இருந்தாலே குறைவு என்று அடிக்கோடிட்டுவிடும். எலும்புக்கு 20 இருந்தாலே பெரும்பாலோருக்குப் போதும் என்று சொன்ன நிபுணர் குழுக்கள் உண்டு. 30 என்ற கோட்டைப் பிரபலமாக்கிய அமெரிக்க ஹார்மோன் மருத்துவர் சங்கமே 2024-ல் அதைக் கைவிட்டது. ஆரோக்கியமாக இருக்கிறவர்களுக்கு இந்தப் பரிசோதனையே வேண்டாம் என்றது. 25,000 பேருக்குத் தினம் 2,000 யூனிட் கொடுத்த பெரிய ஆய்வில் புற்றுநோய், மாரடைப்பு, எலும்பு முறிவு எதுவும் குறையவில்லை. குழந்தைகள், கர்ப்பிணிகள், எழுபத்தைந்தைத் தாண்டியவர்கள், வீட்டுக்குள்ளேயே கிடப்பவர்கள், எலும்பு தேய்ந்தவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு டி கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

நம் ஊரில் டி-யால் வரும் வம்பு அளவில்தான். 60,000 யூனிட் பொடியை வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஒரு நாள் தேவை 600 யூனிட். நூறு நாள் தேவை அந்த ஒரு பாக்கெட்டில் இருக்கிறது. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறவர்களும், எட்டு வாரம் முடிந்தும் நிறுத்தாதவர்களும் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். சிறுநீரகம்கூடக் கெடலாம். பாக்கெட் மேல் கிழமையைப் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

கால்சியத்தை முடிந்தவரை சாப்பாட்டில் தேடுவது மேல். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் வரை உண்டு. முள்ளோடு மெல்லும் நெத்திலிக் கருவாடு அதைவிட மேல். மாத்திரையாக அள்ளிப் போட்டுக்கொண்ட பெண்களுக்குச் சிறுநீரகக் கல் கூடியதை அமெரிக்காவில் 36,000 பேரிடம் பார்த்தாகிவிட்டது. முடிக்கென்று விற்கும் பயோட்டின் குறைவு சாதாரணமாக யாருக்கும் வருவதில்லை. ஆனால் அதைச் சாப்பிட்டுக்கொண்டே ரத்தம் கொடுத்தால் தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனைகள் தப்பான எண்ணைக் காட்டக்கூடும் என்று அமெரிக்க அரசு 2017-ல் எச்சரித்திருக்கிறது. வைட்டமின் சி சளி வராமல் தடுக்காது; தினமும் சாப்பிடுகிறவருக்குச் சளி அரை நாள் முன்னதாக விடலாம். ஒரு நெல்லிக்காய் தின்றுவிட்டுப் போகலாம். துத்தநாகம் பெரியவர்களுக்கு விற்கிற அளவுக்கு உதவுவதில்லை. வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓஆர்எஸ்-ஓடு 14 நாள் கொடுத்தால் உண்மையாகவே உதவும். அதை ஐந்தாம் நாளே நிறுத்திவிடுகிறோம்.

எனக்கு ஆற்றாமை அங்கேதான். வேண்டாதவர்கள் காசு கொடுத்து வாங்கித் தின்கிறார்கள்; வேண்டியவர்கள் சும்மா கிடைப்பதைக் கொல்லைப்புறத்தில் வீசுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு 180 நாளைக்கான சிவப்பு மாத்திரையை இலவசமாகத் தருகிறார்கள்; ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம். ஆயிரம் ரூபாய் டானிக் பாட்டிலில் இருப்பதைவிட அதில் பல சமயம் கூடுதலாகவே இருக்கும். வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, அரசாங்க மாத்திரை என்று ஆளுக்கொரு காரணம். கறுப்பாகப் போவது சகஜம், பயப்பட வேண்டாம். புரட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். கூடவே தரும் கால்சியம் மாத்திரையை மட்டும் வேறு வேளைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

இரும்பு மாத்திரையை டீயோடு போடவே கூடாது. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு டம்ளர் டீ, கீரையிலும் மாத்திரையிலும் இருக்கும் இரும்பில் பாதிக்கு மேல் உடம்பில் சேரவிடாமல் செய்துவிடும். ஒரு மணி, இரண்டு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர்தான் தோது.

இதைக் கேட்டதும் “அப்ப நானும் இரும்பு மாத்திரை போட்டுக்கிறேன், சோர்வா இருக்கு” என்றார் சித்தப்பா. கூடாது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, ஐம்பது தாண்டிய ஆணுக்கோ இரும்பு குறைந்திருந்தால் ரத்தம் எங்கேயோ கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். மூலமாக இருக்கலாம், குடல்புண்ணாக இருக்கலாம், குடலில் கட்டியாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் மாத்திரை போட்டால் எண் ஏறிவிடும், வியாதி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். குறை இல்லாதவருக்கு இரும்பு சேர்ந்தால் அதை வெளியே தள்ள உடம்புக்கு வழியும் கிடையாது.

குழந்தைகளுக்கு இரும்பு மாத்திரை கூடுதலாகப் போனால் விஷம். மிட்டாய் போலச் சிவப்பாகவும் நீலமாகவும் இருப்பதால் கைக்கு எட்டினால் வாயில் போட்டுக்கொள்வார்கள். 2023 மார்ச்சில் உதகையில், பள்ளியில் தரும் சத்து மாத்திரையைப் போட்டி போட்டுக்கொண்டு விழுங்கிய மாணவிகளில் ஒருவர் இறந்தே போனார். அதனால் வீட்டில் கர்ப்பிணியோ, சோகை பிடித்த பெண்ணோ இருந்தால், நர்ஸம்மா கொடுத்த அந்த அட்டையைக் குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். வைத்த இடத்திலேயே மறந்துவிடாமல் தினம் ஒன்று எடுத்துப் போடச் சொல்லுங்கள். மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்கும்போது பி12-ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.